எந்த மொழியிலிருந்து விலக்கு?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் குழந்தைகளின் வாசிப்புச் சிக்கல் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். மதிப்பிற்குரிய பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "தமிழ், எழுதியபடியே வாசிக்கும் மொழி. இதில் டிஸ்லெக்சியா வர வாய்ப்பே இல்லை. அது ஆங்கிலத்தின் நோய், நம் பிள்ளைகளுக்கு அதை இறக்குமதி செய்யாதீர்கள்" என்றார். அரங்கு கைதட்டியது. அடுத்த வாரம் வேறொரு கூட்டம். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் அவர்களுக்காகக் குரல் கொடுப்போரும் கூடியிருந்தனர். "இரண்டாம் மொழி, மூன்றாம் மொழி விலக்கு கிடைத்துவிட்டது. இனி நம் பிள்ளைகளுக்கு விடுதலை" என்றார் ஒருவர். அங்கும் கைதட்டல். இரண்டு அரங்குகளிலும் நான் கைதட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று சொல்லவே இந்தப் பதிவு. நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொள்ளேகாலைச் சேர்ந்தவள். 1956 அக்டோபர் 31 வரை எங்கள் ஊர் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மறுநாள் மைசூர் மாநிலமாயிற்று. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். எல்லை நகர்ந்தது, வீடுகள் நகரவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், தறிக்கூடத்தில் இரண்டும் கலந்த ஒன்று. அதே 1956 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஏழாம் அரசமைப்புத் திருத்தம்தான் 350அ பிரிவைக் கொண்டுவந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. எங்கள் ஊர் இடம் மாறிய அதே நாளில் பிறந்த வாக்குறுதி. எங்கள் தெருப் பிள்ளைகளின் புத்தகப் பையில் அதை நான் கண்டதில்லை.

என் சித்தி மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஆங்கிலவழிப் பள்ளி, எதுவென்று சொல்லப்போவதில்லை. முதல் மொழி ஆங்கிலம், இரண்டாவது கன்னடம், மூன்றாவது இந்தி. தமிழ் பட்டியலிலேயே இல்லை. இரண்டாம் வகுப்பிலேயே வாசிப்பு பின்தங்கியது. மூன்றாம் வகுப்பில் "சோம்பேறி", நான்காம் வகுப்பில் "வீட்டில் கவனிப்பதில்லை", ஐந்தாம் வகுப்பில் "மதிப்பீடு செய்து வாருங்கள்". சித்தி இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, டி. நரசிபுரம் வழிப் பேருந்தில் அவனை அழைத்துச் சென்றார். அங்கிருந்து வேறு இடம், பிறகு இன்னோர் இடம். முடிவில் ஓர் அறையில், ஆங்கிலச் சொற்பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். சான்றிதழ் வந்தது. சான்றிதழைத் தொடர்ந்து விலக்கு வந்தது. கன்னடமும் இந்தியும் நீங்கின. ஆங்கிலம் மட்டும் எஞ்சியது.

கன்னட வகுப்பு நேரத்தில் அவனை வகுப்புக்கு வெளியே நூலகத்தின் முன் உள்ள பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். போன விடுமுறையில் என்னிடம் சொன்னான்: "அக்கா, கன்னட பீரியட்ல எல்லாரும் நாடகம் போடுறாங்க. எனக்கு வசனம் எல்லாம் தெரியும். ஆனா நான் அந்த சப்ஜெக்ட்ல இல்லையாம்."

அவன் தெருவில் நாளெல்லாம் பேசும் மொழி அது. அந்த மொழியிலிருந்துதான் அவனுக்கு "விடுதலை" கொடுத்திருக்கிறோம்.

முதலில் பேராசிரியருக்கு விடை சொல்லிவிடுகிறேன். ஒலிக்கும் எழுத்துக்கும் நேர்த்தொடர்பு மிகுந்த மொழிகளில் டிஸ்லெக்சியா இல்லை என்பது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்ட கருத்து. ஆஸ்திரிய உளவியலாளர் ஹைன்ஸ் விம்மர் 1990களில் ஜெர்மன் மொழிப் பிள்ளைகளிடம் கண்டது இது: சொல்லைப் பிழையின்றி வாசிக்கிறார்கள், ஆனால் தாங்கமுடியாத மெதுவில் வாசிக்கிறார்கள். பிழை குறைவாக இருப்பதால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. 2001இல் பாவுலேசுவும் உடன் ஆய்வாளர்களும் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில டிஸ்லெக்சியர்களை ஒப்பிட்டனர். இத்தாலியர்கள் மற்ற இரு குழுவினரைவிடத் துல்லியமாக வாசித்தனர். மூளையின் இடப்புறத்தில் வாசிப்புக்கான அதே பகுதி மூன்று குழுவினரிடமும் ஒரேபோல் மந்தமாக இயங்கியது. வேர் ஒன்று, எந்த எழுத்துமுறையில் முளைக்கிறதோ அதற்கேற்ப அதன் தோற்றம் மாறுகிறது. தமிழில் அது மெதுவான, திக்கித்திக்கி நகரும் வாசிப்பாகத் தோன்றும்போது நாம் அதை "மந்தம்" என்கிறோம். நோய் இல்லை என்று அறிவித்துவிட்டால் நோயாளி சோம்பேறியாகிவிடுவான். பேராசிரியரின் தமிழ்ப்பற்றுக்கு நான் தலைவணங்குவேன். அந்தப் பற்றின் விலையை மூன்றாம் வகுப்புப் பையன் செலுத்துவதை ஏற்கமாட்டேன்.

தமிழ் "எழுதியபடி வாசிக்கும்" மொழி என்பதும் பாதி உண்மை. எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளேகால். இரண்டு ககரங்கள், முதலாவது வல்லொலி, இரண்டாவது மென்மைப்பட்ட ஒலி. தமிழ் இரண்டுக்கும் ஒரே எழுத்தைத் தருகிறது. கன்னடம் இரண்டு தனித்தனி எழுத்துகளைத் தருகிறது. 'கொ' என்று எழுதும்போது குழந்தையின் கை முதலில் போடுவது உயிரின் குறியை. வாய் முதலில் சொல்வதோ மெய்யை. 'ள்ளே' என்பதைத் தமிழ் புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதுகிறது. கன்னடம் இரண்டாம் மெய்யை அடியில் ஒத்தட்சரமாகத் தொங்கவிடுகிறது. ஓர் ஊர்ப்பெயருக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது. இதற்குமேல் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம்: வீட்டில் "வந்துட்டாங்க" கேட்ட குழந்தை புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்பதைச் சந்திக்கிறது. அது ஒலித்துப் படிக்கும் சொல், அதற்குத் தெரிந்த சொல்லே அல்ல.

சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கன்னட வாசிப்பு ஆய்வு இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரைகளில் ஒன்று. ஆங்கிலக் குழந்தை 26 எழுத்துகளை ஓராண்டில் முடித்துவிடலாம். கன்னடக் குழந்தையின் அட்சரக் கல்வி நான்காம் வகுப்பு வரை நீள்கிறது, ஒலியன் உணர்வும் மெல்லவே வளர்கிறது என்று அது காட்டியது. நூற்றுக்கணக்கான வடிவங்கள் கொண்ட எழுத்துமுறைக்கு அது இயல்பான வேகம். எனவே "ஒன்றாம் வகுப்பு முடிந்தும் எழுத்து வரவில்லை, குறைபாடு" என்று ஆங்கிலக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு தவறோ, "ஐந்தாம் வகுப்பிலும் வரவில்லை, வரும் வரும்" என்று காத்திருப்பதும் அவ்வளவு தவறு. இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் அந்தந்த எழுத்துமுறையிலிருந்தே வரவேண்டும்.

இனி இரண்டாவது கைதட்டலுக்கு வருகிறேன்.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே ஏற்றது; கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் வகைகளை 21 ஆக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 2017 ஏப்ரல் 19இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் கால்நூற்றாண்டுக் காலம், 1991இல் தொடங்கப்பட்ட சென்னை டிஸ்லெக்சியா சங்கம் போன்றவை ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தும், தேர்வுத்துறைகளின் கதவைத் தட்டியும் நடத்திய உழைப்பு இதன் பின்னால் உண்டு. அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து அதைக் கடக்கத் தக்க கற்பித்தல் வழிகளை மேற்கொள்ளும் கடமையைக் கல்வி நிறுவனங்கள்மீது வைக்கிறது. 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பேசுகிறது.

இவ்விரண்டில் எது நடைமுறையானது என்று பாருங்கள். 16ஆம் பிரிவுக்கு ஆசிரியர் வேண்டும், பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும். 17ஆம் பிரிவின் விலக்குக்கு ஒரு சான்றிதழும் ஒரு கையெழுத்தும் போதும். பள்ளிகள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்லத் தேவையில்லை. கற்பிக்கும் கடமையிலிருந்து பள்ளி பெற்ற விலக்கைத்தான் பிள்ளை பெற்ற விலக்கு என்று நாம் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

"இரண்டாம்", "மூன்றாம்" என்று சட்டம் எண் போட்டுச் சொல்வதைக் கவனியுங்கள். மொழியியல் மாணவிக்கு அங்கேதான் தொண்டையில் முள் சிக்குகிறது. யாருக்கு இரண்டாவது? பள்ளியின் கால அட்டவணையில் இரண்டாவது. என் சித்தி மகனின் வாழ்க்கையில் தமிழ் முதலாவது, கன்னடம் அதனோடு கைகோத்து வந்த மற்றொரு முதலாவது. ஆங்கிலம்தான் மூன்றாவது, இந்தி தொலைக்காட்சி. அட்டவணை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது; சட்டம் தலைகீழான வரிசையின் கடைசியிலிருந்து வெட்டுகிறது. எஞ்சுவது அவனுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த மொழி.

அது மட்டுமா? எஞ்சுவது உலகின் மிகக் கடினமான அகரவரிசை எழுத்துமுறைகளுள் ஒன்று. 2003இல் செமூரும் அவர் குழுவினரும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தொடக்க வாசிப்பை ஒப்பிட்டனர். பிற மொழிப் பிள்ளைகள் பெரும்பாலோர் முதலாண்டு முடிவில் எட்டும் நிலையை எட்ட ஆங்கிலப் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்குக்கும் மேலான காலம் தேவைப்பட்டது. குறைபாடற்ற பிள்ளைகளுக்கே இந்தக் கதி. 1999இல் வைடெல், பட்டர்வொர்த் இருவரும் விவரித்த ஓர் இளைஞனின் கதை இன்னும் கூர்மையானது. ஜப்பானில் ஆங்கிலம் பேசும் பெற்றோருக்குப் பிறந்து இருமொழியிலும் வளர்ந்தவன். ஆங்கில வாசிப்பில் கடும் டிஸ்லெக்சியா. ஜப்பானிய வாசிப்பிலோ தடையில்லை. ஒருவனின் கதையை எல்லோருக்கும் நீட்ட முடியாதுதான். கன்னட அட்சரமும் எளிய சரக்கன்று என்று மேலே நானே சொன்னேன். ஆனால் ஒரு குழந்தைக்கு எந்த எழுத்துமுறை குறைந்த சுமை என்பதைச் சோதித்துப் பார்க்காமல், ஆங்கிலத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குவது எந்த அறிவியல்? கால் வலிக்கிறவனிடமிருந்து சமதளப் பாதையைப் பிடுங்கிக்கொண்டு மலைப்பாதையை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். மாதேஸ்வரன் மலைக்கு நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சோதனைகளின் மொழிக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல் எட்டு வயதுக்குமேல் சான்றளிக்கவும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்கவும் சொல்கிறது. பரிந்துரைத்த கருவி பெங்களூர் நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுதி. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கென்றே 'டாலி' என்ற கருவியை வெளியிட்டது. இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில். தமிழ் அந்த முதல் வரிசையில் இல்லை. செம்மொழி மாநாடுகளுக்கு நாம் செலவிட்ட தோரணத் துணியில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டிருக்கலாம் என்று தோன்றுவதுண்டு.

மொழி பெயர்த்துவிட்டால் மட்டும் கருவி உள்ளூராகிவிடாது. சாமராஜநகர் வட்டாரக் கன்னடத்தில் சொல்முதல் ஹகரம் பேச்சில் உதிர்வது பரவலானது. 'அக்கி' என்றால் அரிசி, 'ஹக்கி' என்றால் பறவை. எங்கள் தெருவில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். பறவையின் படத்துக்குக் கீழே 'அக்கி' என்று எழுதிய குழந்தைக்குச் செவியில் பழுதில்லை, மூளையில் பழுதில்லை. அது தன் பாட்டி பேசியதை எழுதியிருக்கிறது. தமிழ் வீட்டிலிருந்து வரும் குழந்தை கன்னடத்தில் க, க்ஹ, க, க்ஹ என்று நான்கு எழுத்துகளைப் பார்த்துத் தடுமாறினால் (தமிழில் அச்சிடும்போது நானே தடுமாறுவதைப் பாருங்கள்) அது அதன் ஒலியன் அமைப்பின் விளைவு. தமிழில் ல, ள, ழ மயங்குவதும் ர, ற மயங்குவதும் அப்படியே. இவை டிஸ்லெக்சியாவின் அடையாளங்களாகப் பட்டியலிடப்பட்டு ஆசிரியர் பயிற்சிகளில் பகிரப்படுவதைக் கண்டிருக்கிறேன். அந்தப் பட்டியல்படி தமிழ்ச் செய்தி வாசிப்போரில் பாதிப்பேருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதில் ஓர் அமெரிக்க வழக்கை நாம் படித்திருக்க வேண்டும். 1970, கலிபோர்னியா, டயானா வழக்கு. ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வழிக் குழந்தைகள் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டு, அறிவுத்திறன் குன்றியோர் வகுப்பில் அடைக்கப்பட்டிருந்தனர். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வரம்புக்கு மேலே வந்துவிட்டனர். குழந்தையின் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று உடன்பாடு எட்டப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இங்கே ஒரு தமிழ்க் குழந்தையிடம் ஆங்கிலச் சொற்பட்டியலை நீட்டுகிறோம். என் சித்தி மகனுக்கு உண்மையிலேயே டிஸ்லெக்சியா இருக்கிறதா? இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். தமிழில் நானே அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த இரண்டு கோடை விடுமுறைகளில் அதைக் கண்டேன். ஆனால் அவன் சான்றிதழ் அதை நிறுவவில்லை. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை மட்டுமே அது நிறுவியது. சரியான விடையைத் தவறான கணக்கு போட்டு எட்டியிருக்கிறார்கள். அடுத்த குழந்தைக்கு அதே கணக்கு தவறான விடையைத் தரும்.

இங்கே ஒரு சிறு எரிச்சலைப் பதிவு செய்துகொள்கிறேன். 2007இல் 'தாரே ஜமீன் பர்' வந்தது. நல்ல படம், பல வீடுகளில் அடி நின்றது அதனால்தான். ஆனால் அதன்பின் ஒவ்வொரு டிஸ்லெக்சியக் குழந்தையும் ஓவியனாகவோ அறிவியல் மேதையாகவோ இருந்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. என் தம்பிக்கு ஓவியம் வராது. கிரிக்கெட்டும் சுமார்தான். வாசிக்கக் கற்றுத்தர வேண்டிய பையன், அவ்வளவே. அதற்கு அவன் மேதையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று வகுத்தது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு மாநிலங்களுக்கு மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தை அதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் வரும் சிறப்பாசிரியர் ஒரு பள்ளிக்கு உரியவரல்லர். ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகச் செல்பவர். அவரை நான் அறிவேன். பார்வைக்குறைபாடு, செவிக்குறைபாடு, மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. பேருந்துச் செலவைக் கையிலிருந்து போடுகிறார். தமிழ்நாட்டிலும் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காய்க் காலம் தள்ளிப் பணிநிரந்தரம் கேட்டுப் போராடி வருகிறார்கள். உரிமைக்குரல் எழுப்பும் நண்பர்களே, உங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் மொழி விலக்குக்கு மேலே இவர்களின் ஊதியத்தை எழுதுங்கள்.

சட்டத்தை விரித்துப் பொருள்கொள்ள நீதிமன்றம் தயங்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், நாற்பது விழுக்காட்டு வரம்பை எட்டாதவருக்கும் எழுத்தர் உதவியை மறுக்க முடியாது என்று அது தீர்ப்பளித்தது. கையில் எழுத்துப்பிடிப்புச் சிக்கல் கொண்ட ஒருவருக்காக நடந்த வழக்கு அது. ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு என்பதே அத்தீர்ப்பின் உயிர். மொழி விலக்கில் மட்டும் அந்த நியாயம் எங்கே போயிற்று? அங்கே எல்லாக் குழந்தைக்கும் ஒரே கத்தரி.

நம் துறையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. மைசூரு மானசகங்கோத்ரியில் 1965இல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் தொடங்கப்பட்டன. ஒன்று பேச முடியாதவனின் நாவைப் பார்க்கிறது, மற்றது பேசப்படும் மொழியைப் பார்க்கிறது, நடந்தே போய்வரலாம். ஆனால் நம் மொழியியல் துறைகளில் குழந்தையின் வாசிப்பு இன்னும் "உளவியல்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய" பொருளாகவே இருக்கிறது. என் ஆய்வு முன்மொழிவில் இருந்த இத்தகைய ஓர் இயலை "இது மொழியியலன்று" என்று நீக்கச் சொன்னார்கள்; நீக்கினேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். வேற்றுமை உருபுக்கு நூறு ஆய்வேடுகள் எழுதும் நாம், ஒன்பது வயதுத் தமிழ்க் குழந்தை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசித்தால் இயல்பு என்ற எளிய கேள்வியை எல்லைப்புறத் தமிழுக்கு ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கத் துணியவில்லை. சோதனைக் கருவி தவறு என்று உளவியலாளரைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை? ஒலியன் பட்டியலும் வட்டார வழக்கும் நம் அலமாரியில்தானே பூட்டிக் கிடக்கின்றன.

மறுப்பு வரும் என்று தெரியும். ஒரு தாய் எனக்கு எழுதியிருந்தார்: "மூன்று மொழிப் பாடமும் முடியாமல் என் மகள் தினமும் அழுதாள். விலக்கு கிடைத்த பிறகுதான் தூங்குகிறாள். அதையும் பிடுங்கச் சொல்கிறாயா?" இல்லை, அம்மா. மும்மொழிச் சுமை உண்மை. விலக்கு உரிமையாகவே இருக்கட்டும். ஆனால் எந்த மொழி என்பதைப் பள்ளியின் அட்டவணை தீர்மானிக்கக் கூடாது. குழந்தை பேசும் எல்லா மொழியிலும் சோதித்த பிறகு, குழந்தையும் பெற்றோரும் தீர்மானிக்கட்டும். ஆங்கிலமும் விலக்கத்தக்க மொழிகளின் வரிசையில் நிற்கட்டும். தேர்விலிருந்து விலக்கு என்றால் வகுப்பறையிலிருந்தும் விலக்கு என்று பொருளாகாது என்பதை யாராவது பள்ளிகளுக்கு எழுத்தில் தரட்டும். நாடகத்தில் வசனம் பேச மதிப்பெண் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமா என்ன?

சித்தியின் சார்பில் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். கன்னடத் தேர்வு வேண்டாம், கன்னட வகுப்பு வேண்டும் என்று இரண்டே வரி. கன்னடத்திலேயே எழுதினோம், அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கடைசியில் கையெழுத்தை மட்டும் அவன் போட்டான், ஒத்தட்சரத்தை ஒருமுறை அடித்துத் திருத்தி. ஐந்து வாரமாகிறது. பதில் வரவில்லை. பதினான்கு வயதில் அவனுக்கு மறுசோதனை. அதற்குள் தமிழிலும் கன்னடத்திலும் அவன் வாசிப்பை அளக்க ஒரு சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். சாமராஜநகர், ஈரோடு, தருமபுரி எல்லைப் பகுதிகளில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாக இருப்போர் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றாடம் பேசும் சொற்களில் ஓர் ஐம்பதை எனக்கு எழுதி அனுப்புங்கள். பாடநூலில் உள்ளபடி வேண்டாம். அவர்கள் வாயில் வரும்படி.